சேர்ந்து போடும் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும், திண்டிவனத்திலும் மயிலத்திலும் ரயில் ஏறி உன்னோடு விழுப்புரம் வரும் ஜூனியர்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டதாகச் சொன்னாய். பாதிப் பேருக்கு மேல் எம்-1, அதாவது முதல் செமஸ்டர் கணக்கு, போய்விட்டது. சிலருக்கு அதோடு பிசிக்ஸும். "ஞாயித்துக்கிழமையில எங்களுக்குக் கிளாஸ் எடுங்கண்ணா" என்கிறார்கள். எடுக்கலாமா, எடுத்தால் முதல் யூனிட்டிலிருந்து ஆரம்பிக்கவா என்று கேட்டிருந்தாய்.

கட்டாயம் அவர்களைக் கூட்டு. ஆனால் போர்டு முன்னால் நின்று பாடம் நடத்தாதே. அந்தப் பாடத்தை அவர்கள் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள், பரீட்சைக்கு முந்தின ராத்திரி யூடியூபிலும் கேட்டிருக்கிறார்கள். அதையே நீயும் சொன்னால், "அண்ணன் சொன்னா நல்லாப் புரியுது" என்பார்கள். உனக்கும் சந்தோஷமாக இருக்கும். அடுத்த பரீட்சையில் அதே இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பார்கள். இத்தனை வருஷம் கல்லூரியில் கணக்கு நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: அடுத்தவர் போடுவதைப் பார்க்கும்போது புரிவது ஒன்று, வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு முதல் வரியை எழுதுவது வேறொன்று. அந்தப் பிள்ளைகளுக்குக் கைவராதது இரண்டாவது.

முதலில் அவர்கள் யார் என்பதை நினைத்துப் பார். காக்குப்பத்தில் இருக்கும் உன் கல்லூரி, திண்டிவனம் மேல்பாக்கத்தில் இருக்கும் கல்லூரி, இரண்டும் 2008இல் தொடங்கியவை. அதற்கு முன்னால் அரசுக் கட்டணத்தில் பி.இ. படிக்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை, வேலூர், சேலம் என்று போக வேண்டியிருந்தது. நுழைவுத்தேர்வு 2007இல் ஒழிந்தது. வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்ந்தவர்களின் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஒவ்வொன்றும் பெரிய காரியம். நிலக்கடலையும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண் கல்லூரி வாசல் வரைக்கும் கடன் வாங்காமல் வந்து நிற்கிறாள் என்றால் அது சும்மா நடந்ததில்லை.

வாசலைத் தாண்டியதும் எம்-1 நிற்கிறது. அதைத் தாண்ட எந்த அரசாணையும் உதவாது. அங்கேதான் உன்னைப் போன்ற ஒரு சீனியர் தேவைப்படுகிறான்.

இவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று பதில் வரும். பேஸ்மென்ட் சரியில்லை, ஆர்வம் இல்லை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, கஷ்டப்பட்ட குடும்பம். அமெரிக்காவில் பெர்க்கிலியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1970களில் ஊரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் கேட்டபோதும் இதே நான்கு பதில்கள்தாம் கிடைத்தன. அங்கே கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ட்ரைஸ்மன் அந்தப் பதில்களை அப்படியே நம்பவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும், கால்குலஸில் நன்றாகச் செய்துவந்த சீன வம்சாவளியினர் 20 பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் அறைக்கும் நூலகத்துக்கும் கூடவே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் பார்த்தார்.

அவர் கண்டது என்ன தெரியுமா? தோற்றவர்கள் சோம்பேறிகள் இல்லை. கொடுத்த கணக்கைப் போட்டார்கள். வாரத்துக்கு 8 மணி நேரம் வரை கால்குலஸுக்காக உட்கார்ந்தார்கள். பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள் அவர்களில் பலர். ஆனால் எல்லாரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். தனியாகப் படித்துத்தான் பள்ளியில் மேலே வந்திருந்தார்கள், அந்த வழக்கத்தைக் கல்லூரியிலும் விடவில்லை. நண்பர்கள் வேறு, படிப்பு வேறு என்று வைத்திருந்தார்கள். சீன வம்சாவளிப் பிள்ளைகள் குறைந்தது அதே அளவு நேரம் தனியாகப் போட்டுவிட்டு, பிறகு சாயங்காலம் ஒன்றாகக் கூடினார்கள். சாப்பாட்டோடு விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவனுக்கு வராததை இன்னொருவன் காட்டினான். யாருக்குமே வராவிட்டால், 'இந்தக் கணக்கு கஷ்டமான கணக்கு' என்று தெரிந்துகொண்டார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனி. தனியாக உட்கார்ந்து போடுகிறவனுக்குக் கணக்கு வராவிட்டால், கணக்கு கடினமா, தான் மக்கா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அவன் இரண்டாவதைத்தான் நம்புவான். கிராமத்துப் பள்ளியில் முதல் மார்க் வாங்கி, பேனரில் படம் போட்டுக் கொண்டாடப்பட்டவன் என்றால் இன்னும் சீக்கிரம் நம்புவான். வெளியே சொல்லவும் மாட்டான். உன் ரயிலில் வருகிறவர்களையே பார். ஒன்றாக ஏறுகிறார்கள், டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒரு ஹெட்செட்டை இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கை மட்டும் ராத்திரி அவனவன் வீட்டில் தனியாகப் போடுகிறான்.

ட்ரைஸ்மன் அதன்பிறகு செய்ததுதான் நீ செய்ய வேண்டியது. 1978 வாக்கில் ஒரு கணிதப் பயிலரங்கை ஆரம்பித்தார். 'நீங்கள் பின்தங்கியவர்கள், கைகொடுக்கிறோம்' என்று சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு சிறு குழுக்களாக உட்காரவைத்துப் போடவிட்டார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் சேராதவர்களைவிட வெகுவாக மேலே போனார்கள். பிறகு டெக்சஸ் உட்பட அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் அதே முறையைக் கையில் எடுத்தன. அரியர் வைத்திருக்கிறவனுக்கு எளிய கணக்காகக் கொடுத்துத் தேற்றுவது நம் ஊர் வழக்கம். எளிய கணக்கு அவனைத் தேற்றாது. நீ அவனை என்னவாக நினைக்கிறாய் என்பதைத்தான் அவனுக்குக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே நாலு நாலு பேராக உட்காரவை. ஐந்துக்கு மேல் போனால் ஒருவர் போட மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு தாள், ஒரே ஒரு பேனா. கணக்கு மாறும்போது பேனா கை மாற வேண்டும். இப்படிச் செய்தால் பேசாமல் போட முடியாது. நீ சுற்றி வா. "சரியா அண்ணா?" என்று தாளை நீட்டுவார்கள். சரி என்றோ தப்பு என்றோ சொல்லாதே. "எப்படிச் சரி பார்ப்பீங்க?" என்று திருப்பிக் கேள். இது உனக்கு முதலில் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் விடை நாக்கு நுனியில் நிற்கும்.

என்ன கணக்கு கொடுப்பது? ஒன்றிரண்டு சொல்கிறேன், மீதியை நீயே உண்டாக்கு. ஐகன் மதிப்பு கண்டுபிடி என்று ஒரு மேட்ரிக்ஸைக் கையில் கொடுத்தால் இயந்திரம் மாதிரிப் போட்டுவிடுவார்கள், நடுவில் ஒரு மைனஸைத் தொலைத்துவிட்டு நிற்பார்கள். அதற்குப் பதில் மேட்ரிக்ஸையே கொடுக்காதே. மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ், டிரேஸ் 6, டிட்டர்மினன்ட் 6, ஒரு ஐகன் மதிப்பு 1; மற்ற இரண்டும் என்ன என்று கேள். கூட்டினால் 5, பெருக்கினால் 6 வர வேண்டும், எனவே 2, 3 என்று ஒருத்தி கண்டுபிடிப்பாள். உடனே அடுத்ததைக் கேள்: இந்த மூன்று மதிப்புகளும் உள்ள மேட்ரிக்ஸ் ஒன்றை எழுதுங்கள், பக்கத்துக் குழு எழுதியதைப் போல இருக்கக் கூடாது. மூலைவிட்டத்தில் 1, 2, 3 போட்டு, அதற்குக் கீழே எல்லாம் பூஜ்யம் வைத்தால், மேலே எதை எழுதினாலும் சரியாக வரும் என்று அவர்களாகக் கண்டுபிடிக்கும்போது அறையில் எழும் சத்தத்தைக் கேட்பாய். அதன்பிறகு ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் டிரேஸ், பெருக்கினால் டிட்டர்மினன்ட், முக்கோண மேட்ரிக்ஸில் மூலைவிட்டமே ஐகன் மதிப்புகள் என்ற மூன்று பண்புகளையும் மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதே இல்லை.

இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்பில் மேட்ரிக்ஸின் தரம் காண நிரைகளைக் கூட்டிக் கழித்துப் பூஜ்யமாக்கப் பழகியிருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் இங்கேயும் முதலில் மேட்ரிக்ஸைச் சுருக்கிவிட்டு அப்புறம் ஐகன் மதிப்பு காண்கிறவர்கள் ஏராளம். தப்பு என்று சொல்லாதே. நான்கு இடத்திலும் 1 இருக்கும் இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸைக் கொடுத்து, ஒரு குழுவைச் சுருக்காமலும் ஒரு குழுவைச் சுருக்கியும் போடச் சொல். ஒரு பக்கம் 2, 0 வரும். இன்னொரு பக்கம் 1, 0 வரும். எது சரி என்று அவர்கள் சண்டை போடட்டும். கால் மணி நேரம் போனாலும் போகட்டும். அந்தச் சண்டையில் கற்றுக்கொண்டதைப் பரீட்சை ஹாலில் மறக்க மாட்டார்கள்.

இரட்டைத் தொகையிடலுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். உள்ளே y-ஐப் பொறுத்து x முதல் 1 வரை, வெளியே x-ஐப் பொறுத்து 0 முதல் 1 வரை. தொகையிட வேண்டியது e-இன் அடுக்கில் y வர்க்கம். கொடுத்த வரிசையில் யாராலும் போட முடியாது. மோதிப் பார்க்கட்டும். யாராவது படம் வரைந்து, முக்கோணத்தை மறுபக்கமிருந்து பார்த்து வரிசையை மாற்றினால் இரண்டே வரியில் (e–1)/2 என்று முடியும். வரிசையை ஏன் மாற்றுகிறோம் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பேச்சு தமிழில் நடக்கட்டும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் நிறைய இருப்பார்கள். பகுதி வகைக்கெழு, தொகையிடல் என்று அவர்கள் வாதாடட்டும்; தாளில் மட்டும் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதவை. யோசிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் இரண்டும் நடக்காது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பொறியியல் பாடநூல்களைத் தமிழிலும் கொண்டுவந்து இ-கும்ப் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் வாசிப்புக்கு அவற்றைக் காட்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லியே காட்டு.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைக் கொண்டுவரச் சொல். எட்டாவது அத்தியாயத்தைத் திறந்தால் பகுதி வகைக்கெழு இருக்கும். சமப்படித்தான சார்புகளும் ஆய்லர் தேற்றமும் இருக்கும். நீ படித்த ரெகுலேஷன் 2021 பாடத்திட்டத்தின் எம்-1இல் மூன்றாவது யூனிட் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜக்கோபியன், லக்ராஞ்ஜ் போன்றவைதான் புதிது. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலை என்று பயந்ததில் கால்வாசியைத் தாண்டிவிட்டோம் என்பது அவர்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "இதெல்லாம் எதுக்கு அண்ணா?" இதற்கு நீ படிக்கிற ஊரிலேயே பதில் இருக்கிறது. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். ரயில்வே பள்ளியில் படித்தார், விழுப்புரத்திலேயே தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தார், சென்னையில் தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.இ., இஸ்ரோவில் இருந்துகொண்டே ஐஐடி மெட்ராஸில் பிஎச்.டி. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்முனைப் பக்கம் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் அவர். இந்தக் கதையை ஊக்கப் பேச்சாகச் சொல்லாதே. சொல்கிற இடங்களிலெல்லாம் சொல்லித் தேய்ந்துவிட்டது. அவர் ஐஐடியில் எதை ஆராய்ந்தார் என்று சொல். செயற்கைக்கோளுக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகள் அதிர்வில் கெட்டுப்போகாமல் அதிர்வைத் தணிப்பது எப்படி என்று ஆராய்ந்தார். ஒரு பொருள் தனக்கென்று எந்தெந்த அதிர்வெண்களில் ஆடும் என்று கண்டுபிடிப்பது ஐகன் மதிப்புக் கணக்குதான். எம்-1இன் முதல் யூனிட்டில் மூன்றுக்கு மூன்று அளவில் போடுவதை அங்கே கணினியை வைத்து ஆயிரக்கணக்கான வரிசைகளோடு போடுகிறார்கள். ராக்கெட் கிளம்பும் குலுக்கலில் பெட்டி தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

அவர் போன பாதையிலிருந்து உனக்கு இன்னொரு யோசனையும் கிடைக்கிறது. உன் கல்லூரியில் டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்த லேட்டரல் என்ட்ரி பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களையும் கூட்டி வா. எம்-1, எம்-2 எழுதாமல் நேராக மூன்றாம் செமஸ்டர் கணக்கில் வந்து விழுகிறவர்கள் அவர்கள். வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் டிராஃப்டர் பிடிப்பதிலும் லேத்தில் நிற்பதிலும் அவர்கள் கை தேர்ந்த கை. இரண்டாம் செமஸ்டரில் என்ஜினியரிங் கிராபிக்ஸ் வரும்போது முதல் வருஷத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் சாய்ந்த கூம்பின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல் தவிப்பார்கள். அங்கே டிப்ளமோ அண்ணன்கள் சொல்லிக்கொடுக்கட்டும். சோப்புக் கட்டியை வெட்டிக் காட்டினால் செக்ஷன் எப்படி வரும் என்று ஐந்து நிமிஷத்தில் விளங்கும். பதிலுக்கு அவர்கள் இங்கே கணக்கில் உட்காரட்டும். ஒரு பக்கம் வாங்கிக்கொண்டே இருக்கிறவனுக்குக் கூச்சம் வந்துவிடும். கொடுக்கவும் ஏதாவது இருந்தால் அடுத்த வாரமும் வருவான்.

அவர்களுக்கு இருக்கும் பைத்தான் நிரல் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப் இல்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பத்து வரி நிரலைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் எந்த மாறியில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் அட்டவணை போடச் சொல். பிறகு மொபைலில் ஓட்டிச் சரிபார்க்கட்டும். தாளில் ஓட்டத் தெரியாதவன் கணினியிலும் ஓட்ட முடியாது.

'இம்பார்ட்டன்ட்' பிடிஎஃப்புகளைப் பற்றிக் கேட்டாய். பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் குரூப்புக்குக் குரூப் பறக்கும் அந்தப் பட்டியலை நம்பித்தான் பாதிப் பேர் போன செமஸ்டரில் உட்கார்ந்திருப்பார்கள். பழைய கேள்வித்தாளை வெறுக்காதே, ஆனால் கடைசியில் எடு. இரண்டு மதிப்பெண்ணில் 10 கேள்வி, 16 மதிப்பெண்ணில் 5 கேள்வி, மூன்று மணி நேரம் என்ற அமைப்பு கையில் பழக வேண்டும் என்பதற்காக, புத்தகத்தை மூடிவைத்து, கடிகாரம் வைத்து எழுதவை. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். வாசித்தவர்களுக்கு அந்த நேரத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் அதில் நிறையப் போய்விட்டது. நம் பிள்ளைகள் ஹாலுக்கு வெளியே நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கும்போது இருக்கிற தைரியம் அந்த வகையைச் சேர்ந்தது.

இடத்தை யோசித்து எடு. டீக்கடை மாடியும் நண்பன் வீட்டு மொட்டைமாடியும் உங்களுக்குப் போதும், பெண் பிள்ளைகளுக்குப் போதாது. அவர்கள் வர முடியாத இடத்தில் கூடினால், அவர்களும் வரலாம் என்று வாயால் சொல்வதில் அர்த்தம் இல்லை. அவர்களில் யாராவது படித்த அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார், ஞாயிறு காலையில் ஒரு வகுப்பறை கேள். தன் பள்ளிப் பிள்ளைகள் இப்போது பி.இ. படிக்கிறார்கள் என்று கேட்கிற ஆசிரியர் சாவியைக் கொடுக்காமல் இருக்க மாட்டார். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடி, பகல் ரயிலிலேயே எல்லாரும் வீடு சேரலாம். உன் வகுப்புப் பெண்களில் ஒருத்தியைக் கூட நின்று நடத்தச் சொல். பெண்களின் எண்ணைக் கேட்காமல் வாட்ஸப் குரூப்பில் போடாதே. காசு வாங்காதே, ஒரு ரூபாய்கூட வேண்டாம். வாங்கிவிட்டால் நீ பாடம் நடத்த வேண்டியவன் ஆகிவிடுவாய், அவர்கள் கேட்க வேண்டியவர்கள் ஆகிவிடுவார்கள்.

இப்போது எனக்கு மிகவும் கவலையான விஷயம். அரியர் வந்ததை வீட்டில் சொல்லாதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். 'பாஸ்தான்' என்று சொல்லிவிட்டுத் தினமும் ரயில் ஏறுகிறவன் படுகிற பாடு சாதாரணமில்லை. அவனுக்கு உண்மை நிலவரத்தைச் சொல். ரெகுலேஷன் 2021இல் முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளும் தேற வேண்டும் என்ற நிபந்தனை டிஸ்டிங்ஷனுக்குத்தான், முதல் வகுப்புக்கு அது இல்லை. எம்-1 அரியரால் ஒருவனுடைய பட்டமோ வேலையோ முடிந்துபோவதில்லை. பல கம்பெனிகள் வளாகத் தேர்வின்போது நிலுவையில் அரியர் இருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன. அதனால் எழுதித் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். இதை எல்லார் முன்னாலும் ஒரு முறை சொல்லிவிடு, யாரையும் பார்த்துச் சொல்லாதே.

அப்படியும் ஒருவன் வருவதை நிறுத்திவிட்டான், ரயிலிலும் காணோம், போனை எடுக்கவில்லை என்றால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காதே. அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பார். ராத்திரியில் தூங்குவதில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசுகிறான் என்றால் நீ தனியாகச் சமாளிக்க நினைக்காதே. அவன் கிளாஸ் அட்வைசரிடம் சொல். டெலிமனாஸ் எண் 14416, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்த எண்ணை முதல் நாளே போர்டின் மூலையில் எழுதிவை, எல்லாரும் குறித்துக்கொள்ளட்டும். யாருக்காக எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

உன்னைப் பற்றியும் கொஞ்சம். உனக்கும் ஆறாவது செமஸ்டர், பிளேஸ்மென்ட் வேறு நெருங்குகிறது, கேட் தேர்வு எழுதும் எண்ணமும் இருப்பதாக அப்பா சொன்னார். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், வீட்டுக்குப் பாரம் இல்லாமல் படிக்கலாம். அதை விட்டுவிடாதே. கேட் கணக்குப் பகுதியில் லீனியர் அல்ஜீப்ராவும் கால்குலஸும் கட்டாயம் உண்டு. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு தேடுவதில் உன் தயாரிப்பும் நடந்துவிடும். அதற்கு மேல் நேரம் கொடுக்காதே. வாரநாளில் யாராவது கேட்டால், "உன் குழுவில் கேட்டியா?" என்று முதலில் கேள். இந்த வருஷம் தேறுகிறவர்களில் இரண்டு பேரைப் பார்த்து வைத்துக்கொள். அடுத்த வருஷம் புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் நடத்தட்டும். முதல் மார்க் வாங்கியவர்களாகப் பார்த்து எடுக்காதே. அரியரை எழுதித் தேறியவர்கள் அந்த வேலைக்கு மேல்.

முதல் ஞாயிறுக்கு மேலே சொன்ன டிரேஸ் கணக்கும், நான்கு ஒன்றுகள் உள்ள மேட்ரிக்ஸும் போதும். மூன்றாவதைக் கொண்டுபோனாலும் நேரம் இருக்காது. யார் எந்த இடத்தில் சறுக்கினார்கள், எந்தக் குழுவில் ஒருவரே பேசிக்கொண்டிருந்தார், யார் கடைசி வரைக்கும் பேனாவைத் தொடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஞாயிறுக்கு நான் ஒரு தாள் தயார் செய்து தருகிறேன். என்னிடம் நல்ல நிலையில் இரண்டு டிராஃப்டர்கள் இருக்கின்றன. இல்லாத பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்பா இந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை